உசாத்துணையில் காலமானவர்

ஒரு புத்தகத்தின் முதற் பக்கத்தில் ஓர் ஆளின் படம் தனியாகப் போடப்பட்டிருந்தால், அந்த ஆள் செத்துப்போனவர் என்றுதான் நான் நம்பியிருந்தேன். இதைச் சின்ன வயதில் நம்பினேன் என்று எழுதினால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். நம்பியது போன வருஷம். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வேலை, ஒரு நூலகத்தில்.

என்னை முழுக்கக் குற்றம் சொல்ல ஏலாது. எங்கள் தீவுகளில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் வீட்டில் சடங்கு நடக்கும். வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, போகும்போது கையில் ஒரு புத்தகமும் கொடுத்து அனுப்புவார்கள். நினைவு மலர் என்று பெயர். முதற் பக்கத்தில் போனவரின் படம் இருக்கும். அடுத்ததாகத் தேவாரம். அதற்குப் பிறகு வருவது வீட்டுக்காரரின் விருப்பம். சிலர் ஊர் வரலாறு போடுவார்கள். சிலர் நீரிழிவுக்காரர் எதைச் சாப்பிடலாம் என்று போடுவார்கள், அதுவும் மூன்று வகைப் பாயசத்தோடு விருந்து சாப்பிட்டவன் கையில். ஒருவருடைய மலரின் கடைசிப் பக்கத்தில் படகு நேரங்கள் இருந்தன. அதை வெட்டிக் குசினிச் சுவரில், அடுப்புக்கு மேலே, ஒட்டினோம். படகு நேரம் மாறி எத்தனையோ காலமாகிவிட்டது, சுவரில் மாறவில்லை. படகைத் தவறவிடும் ஒவ்வொரு முறையும் அந்த மனிதரை நினைத்துக்கொள்கிறோம். நினைவு மலர் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

என் வீட்டு அலுமாரியில் உள்ள புத்தகங்களில் முக்கால்வாசி இப்படிச் சாப்பிட்டுவிட்டுக் கொண்டுவந்தவை. முதற் பக்கத்தில் படம் உள்ள உயிருள்ள மனிதரை நான் அங்கே சந்தித்ததே இல்லை.

நயினாதீவில் ஒரு சின்ன நூலகத்தில் உதவியாளராக இருந்தேன். தற்காலிகம். தற்காலிகமாகவே தலை நரைத்தவன் நான். நிரந்தரமாக்க வேண்டுமானால் நூலகக் கல்வியில் டிப்ளோமா வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. இந்த வருஷம் முடிக்காவிட்டால் அந்தக் கதிரையில் டிப்ளோமா உள்ள வேறு யாராவது இருப்பார் என்று மேலதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார். ஆகவே சனிக்கிழமைகளில் படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய், என் பிள்ளைகளின் வயதில் இருந்தவர்களுக்குப் பின்னால் கடைசி வாங்கில் உட்கார்ந்தேன்.

எழுத்து எனக்குப் புதிதல்ல. எங்கள் தீவில் யார் காலமானாலும் பத்திரிகைக்கு மரண அறிவித்தல் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். அது லேசுப்பட்ட வேலை இல்லை. எந்த ஊரைப் பிறப்பிடமாகவும் எந்த ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், யாருடைய அன்புக் கணவர், எந்தப் பிள்ளை கனடாவில், எந்தப் பிள்ளை நோர்வேயில், எல்லாம் ஒழுங்கு மாறாமல் வர வேண்டும். ஒரு மருமகனின் பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பம் அடுத்த சாவுக்குத்தான் மறுபடி ஒன்றுசேரும். இன்றுவரை நான் ஒரு மருமகனைக்கூட விட்டதில்லை. அந்தத் திமிரோடுதான் வகுப்புக்குப் போனேன்.

எங்கள் விரிவுரையாளர் ஓர் இளம் பெண். நாங்கள் எல்லோரும் மிஸ் என்று கூப்பிடுவோம். பிறருடைய வசனத்தை எடுத்தால் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும், கடைசியில் உசாத்துணை என்று தலைப்பிட்டு எந்த நூல், யார் எழுதியது என்ற விபரத்தைத் தவறாமல் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் அது களவு என்று ஒருநாள் சொன்னார். உசாத்துணையை எப்படி எழுதுவது என்றும் அதற்குப் பிறகு கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறார். நான் பார்க்கவில்லை. களவு என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து மனத்துக்குள் பொலிஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

கடைசி ஒப்படை, நம் ஊரைப் பற்றி ஏதாவது ஒரு விடயத்தில் கட்டுரை. நான் தீவுகளின் நன்னீரைப் பற்றி எழுதினேன். களவுக்குப் பயந்து ஒரு மேற்கோளும் போடவில்லை. மிஸ் ஒவ்வொரு பந்திக்கும் பக்கத்தில் ஒரே கேள்வியை எழுதித் திருப்பித் தந்தார்: இது யாருடைய கருத்து?

“என்ர கருத்துத்தானே?” என்று வீட்டில் வந்து கத்தினேன்.

“உங்களுக்குக் கருத்து இருக்கெண்டு அந்தப் பிள்ளைக்கு எப்பிடித் தெரியும்? இவ்வளவு காலம் குடும்பம் நடத்தின எனக்கே தெரியாது” என்றாள் மனைவி. “பேசாமல் ஒரு புத்தகத்தைப் பாத்து எழுதுங்கோ. நூலகத்திலதானே இருக்கிறியள்?”

“நூலகத்தில கிணத்தைப் பற்றி ஒண்டும் இல்லை.”

“தேடினனீங்களோ?”

“நூலகம் என்ர கையிலதானே இருக்கு. தேடாமலே தெரியும்.”

அவள் அலுமாரியைக் காட்டினாள். அங்கே, நீரிழிவுக்காரருக்கும் படகு நேரக்காரருக்கும் நடுவில், தீவுப் பகுதிக் கிணறுகளைப் பற்றிய புத்தகம் ஒன்று கிடந்தது. யார் கொண்டுவந்து வைத்ததோ தெரியாது. சரவணையைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர் எழுதியது. பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. ஒருதடவை எழுதிப் பட்டது போதும். எங்கள் மண்ணில் நல்ல தண்ணீர் மேலேதான் கிடக்கிறது, ஆசைப்பட்டு ஆழமாக வெட்டினால் உப்புத்தான் வரும் என்று மனிதர் ஊர் ஊராகக் கிணறுகளை எட்டிப் பார்த்து அருமையாக எழுதியிருந்தார்.

முதற் பக்கத்தில், முட்டை வடிவக் கட்டத்துக்குள், சால்வை போட்ட படம். படத்தின் கீழே பிறந்த திகதி. மற்றத் திகதி இல்லை. அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். எனக்கு உண்மையிலேயே கோபம்கூட வந்தது. ஒரு மனிதரின் மறைந்த திகதியைக் கவனிக்காமல் விட என்ன அச்சகம் அது?

இரண்டு நாள் விழுந்து விழுந்து எழுதினேன். மேற்கோள் மேல் மேற்கோள். மறைந்தவருக்கு மரியாதையாக ஒவ்வொரு இடத்திலும் பெயருக்கு முன்னால் அமரர் என்று போட்டேன். கடைசியில் உசாத்துணை. விபரத்தைத் தவறாமல் கொடுக்க வேண்டும் என்று மிஸ் சொன்னாரல்லவா? அது யாருக்குச் சொல்லித் தர வேண்டிய வேலை! புத்தகத்தின் நன்றியுரையில் அவர் குடும்பம் முழுவதும் இருந்தது. எழுதினேன்:

சரவணையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட ஓய்வுநிலை ஆசிரியரும் இந்நூலின் ஆசிரியருமான அமரர் இன்னார். அன்னார் இன்னாரின் அன்புக் கணவரும், கனடாவில் ஒருவர், நோர்வேயில் ஒருவர் ஆகியோரின் பாசமிகு தந்தையும், இன்னார் இன்னாரின் மாமனாரும் ஆவார். இவ்வுசாத்துணையை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

வாசித்துப் பார்த்தபோது கண் கலங்கியது. ஒரு மருமகனும் விடுபடவில்லை. சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் என் பக்கத்தில் கருவாட்டு வியாபாரி அண்ணை வந்து இருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்குக் கருவாடு கொண்டுபோகிறவர். அவரும் வாசனையும் இரண்டு சீற்றை எடுத்துக்கொள்வார்கள்.

“என்ன தம்பி, தனியச் சிரிக்கிறீர்? சோதினை பாஸோ?”

“ஒப்படை குடுத்திட்டன் அண்ணை. சரவணை மாஸ்ரர் ஒராள் கிணறுகளைப் பற்றி எழுதின புத்தகத்திலயிருந்து மேற்கோள் எல்லாம் போட்டு. பாவம், அந்த மனிசன் இருந்திருந்தால் எவ்வளவு சந்தோசப்பட்டிருக்கும்.”

“ஆர், கிணத்து மாஸ்ரரோ? இருந்திருந்தாலோ? முந்தநாள் வேலணைச் சந்தையில என்னோடை சண்டை பிடிச்சவர், கருவாட்டில மண் கிடக்காம் எண்டு.”

“அது வேற மாஸ்ரராய் இருக்கும் அண்ணை.”

“கிணறு கிணறாய் எட்டிப் பாத்துப் புத்தகம் எழுத எத்தினை பேருக்கு விசர் பிடிக்கும்? ஒராளுக்குத்தான் பிடிச்சது. அந்த ஆள் நல்ல சுகமாய் இருக்குது.”

பஸ் அப்போது பாலத்து வீதியில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கடல். குதித்துவிடலாமா என்று எட்டிப் பார்த்தேன். முழங்காலளவு தண்ணீர்.

“அப்ப ஏன் அண்ணை முதற் பக்கத்தில படம் போட்டவர்?”

“அது அவற்ற மணிவிழாவுக்குக் குடுத்த புத்தகமெல்லோ. அறுபது வயது முடிஞ்சதுக்கு. நானும் போய்ச் சாப்பிட்டனான். நல்ல சாப்பாடு.” அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஏன் காணும், வேர்க்குது உமக்கு?”

வகுப்புக்குப் போனதும் நேரே மிஸ்ஸின் மேசைக்குப் போனேன். என் கட்டுரை கட்டுக்குள் கிடந்தது, இன்னும் திருத்தப்படவில்லை. ஒரு சின்னத் திருத்தம், ஒரே ஒரு நிமிஷம் தாருங்கள் என்று கெஞ்சினேன்.

“குடுத்தது குடுத்ததுதான் அண்ணை. அடுத்த கிழமை எல்லாருக்கும் திருப்பித் தருவன். இதில சித்தியடையாட்டில் திரும்ப ஒரு வருஷம், தெரியும்தானே?” என்று அன்பாகச் சொன்னார். அவருடைய ஊர் வேலணை என்று முன் வாங்குப் பெண் பிள்ளை ஒருத்தி அன்றைக்கென்று பார்த்துச் சொன்னாள். வேலணைக்காரருக்குப் பக்கத்து ஊரான சரவணையில் யார் உயிரோடு இருக்கிறார் என்று தெரியாமலா இருக்கும்?

அந்த இரவும் மறுநாளும் என்ன யோசித்தேன் என்பதை முழுதாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மாஸ்ரருக்கு எழுபது தாண்டியிருக்கும். கட்டுரை திருத்த இன்னும் ஒரு கிழமை இருக்கிறது. இந்த யோசனையை முன்வாசலால் துரத்தினேன். அது சுற்றிக்கொண்டு குசினிப் பக்கத்தால் வந்தது. கோயிலுக்குப் போய் அவருக்கு நீண்ட ஆயுளை வேண்டினேன். வேண்டும்போதே, உண்மையாகத்தான் வேண்டுகிறாயா என்று யாரோ கேட்பது போலிருந்தது. தேங்காய் ஒன்றுக்கு இரண்டாக உடைத்தேன்.

“போய் அந்த மனிசனிட்டைச் சொல்லுங்கோ” என்றாள் மனைவி. “தான் செத்துப்போன கதையை மற்ற ஆக்கள் சொல்லி அறியிறதிலும் பாக்க, நீங்களே நேரில போய்ச் சொன்னால் மரியாதை.”

வேலைக்கு லீவு போட்டுவிட்டுச் சரவணைக்குப் போனேன். வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. வேலணையில் இறங்கி அப்பிளும் ஒரு குலை முந்திரிகைப் பழமும் வாங்கிக்கொண்டு ஓட்டோ பிடித்தேன். ஆஸ்பத்திரியில் வருத்தக்காரரைப் பார்க்கப் போகும்போதுதான் நாங்கள் அப்பிள் வாங்குவோம். வாங்கும்போது அது எனக்கு உறைக்கவில்லை.

மாஸ்ரர் வீட்டு வளவில் ஏணி வைத்து ஏறி முருங்கைக்காய் பறித்துக்கொண்டு நின்றார். மெலிந்த, திடகாத்திரமான மனிதர். காற்றுக்கு ஏணி ஆடியது. இவர் இப்போது விழுந்தால் நான் ஒன்றும் செய்யவில்லை என்று எந்த நீதிமன்றம் நம்பும்? அப்பிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஏணியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன்.

“ஆர் அது?” என்று மேலே இருந்து கேட்டார்.

“இறங்குங்கோ ஐயா. மெல்லமாய் இறங்குங்கோ. கடவுளாணை, பாத்து இறங்குங்கோ.”

“உதென்ன, ஏணியைப் பிடிச்சுக்கொண்டு அழுகிறீர்?”

இறங்கி வந்தவர் நிலத்தில் உருண்டு கிடந்த அப்பிள்களைப் பார்த்தார். “ஆருக்கு வருத்தம்?”

“ஒருத்தருக்கும் இல்லை ஐயா. உங்களுக்கு எப்பிடி?”

“எனக்கென்ன?”

“பிரசர் கிரசர் ஒண்டும்?”

“இல்லை. நீர் இன்சூரன்ஸ் ஆளோ?”

இல்லை, நூலகத்தில் இருந்து வருகிறேன், உங்கள் கிணற்றுப் புத்தகத்தை வாசித்தேன் என்றேன். மனிதருடைய முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கதிரை கொண்டுவந்து போட்டார். என்னை அதில் இருத்தி, என் அப்பிளையே வெட்டி எனக்குத் தந்தார். மணிவிழாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோனார்களே தவிர, வாசித்தேன் என்று சொல்லி வீட்டுக்கு வந்த முதல் ஆள் நான்தான் என்றார். நான் கட்டுரையில் மேற்கோள் காட்டியிருப்பதைச் சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டார்.

“மேற்கோளோ? என்ர வசனத்தையோ? புத்தகத்தில எந்தப் பக்கம்?”

பக்கம் எனக்கு ஞாபகம் இல்லை. எழுதும்போதும் அதைப் பார்க்கவில்லை.

“பறவாயில்லை, பறவாயில்லை. கட்டுரை கையில இருக்கோ? காட்டும் பாப்பம்.”

கட்டுரையின் படம் கைத்தொலைபேசியில் இருந்தது. பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். உண்மை வந்துவிட்டது.

“ஐயா, அதில ஒரு சின்னப் பிழை நடந்துபோச்சு. உங்களை நான்…”

“திட்டி எழுதிப்போட்டீரோ? எழுதும். விமர்சனம் வேணும்.”

“திட்டேல்லை ஐயா. அமரர் ஆக்கிப்போட்டன்.”

மாஸ்ரர் கையில் இருந்த அப்பிள் துண்டைத் தட்டில் வைத்தார். பிறகு கதிரையில் சாய்ந்து இருந்துகொண்டு, “வாசியும்” என்றார்.

“எதை ஐயா?”

“என்ர அறிவித்தலைத்தான். இதைக் கேக்கிற பாக்கியம் ஆருக்குக் கிடைக்கும்?”

வாசித்தேன். பிறப்பிடம் வந்ததும் தலையாட்டினார். அன்புக் கணவர் என்ற இடத்தில், “உது மனிசியைக் கேட்டுத்தான் சொல்ல வேணும்” என்றார். பிள்ளைகள் வந்தார்கள், மருமக்கள் வந்தார்கள். நான் முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒருதரம் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார்.

“என்ர தம்பியை விட்டிட்டீர்.”

“எந்தத் தம்பி ஐயா?”

“பிரான்ஸில இருக்கிறவன். அவன் பெரிய கோபக்காரன். தமையன்ர சாவில தன்ர பெயர் இல்லையெண்டால் செத்த வீட்டுக்கே வரமாட்டான்.”

“உங்கட நன்றியுரையில அவர் இல்லையே ஐயா.”

“அப்ப நாங்கள் கதைக்கிறேல்லை. இப்ப கதைக்கிறம்.” விரலால் காற்றில் திருத்திக் காட்டினார். “சகோதரனும் எண்டு போடும். பிறகு, திகதி எங்கை?”

“திகதி தெரியாததால போடேல்லை ஐயா.”

“பாத்தீரே. எனக்குத் தெரிய விருப்பமான ஒண்டை மட்டும் விட்டிட்டீர்.”

அவர் சிரிக்கத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சித்தியில்லாவிட்டால் என் வேலை போகும், உங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைதான் திருத்துகிறது, உயிருள்ளவரைக் கொன்றதற்கு எத்தனை புள்ளி வெட்டுவார்களோ என்று கொட்டித் தீர்த்தேன். மாஸ்ரர் உள்ளே போய், தான் இந்தத் திகதிவரை உயிரோடு இருப்பதாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வைத்துத் தந்தார். அதோடு, மணிவிழாவில் மிஞ்சிய புத்தகங்களில் ஒரு கட்டும். நூலகத்துக்கு என்றார். வெளியே வரும்போது பார்த்தேன், மறுபடி ஏணிக்குப் போய்க்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமல் ஓட்டோவில் ஏறினேன்.

சனிக்கிழமை மிஸ் பெயர் கூப்பிட்டுக் கட்டுரைகளைக் கொடுத்தார். என் பெயர் கடைசியில் வந்தது. கால்சட்டைப் பையில் மாஸ்ரரின் தாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். மேசையில் என் கட்டுரை விரித்துக் கிடந்தது. ஒவ்வொரு அமரருக்கும் மேல் ஒரு சிவப்புக் கோடு. உசாத்துணையில் ஊரையும் மனைவியையும் பிள்ளைகளையும் மருமக்களையும் ஒரே இழுப்பில் வெட்டி, ஆசிரியரின் பெயரை மட்டும் மிச்சம் வைத்திருந்தார்.

“மிஸ், அந்த மாஸ்ரர் சாகேல்லை. நல்ல சுகமாய் இருக்கிறார். நான் போய்ப் பாத்தனான். கடிதமும் இருக்கு.”

மிஸ் நிமிர்ந்து பார்த்தார். “ஆர் அண்ணை?”

“இந்தப் புத்தகம் எழுதினவர்.”

“எனக்கு அவரைத் தெரியாது. பேருக்கு முன்னால திரு, கலாநிதி, அமரர் ஒண்டும் போடுறேல்லை எண்டு அண்டைக்குச் சொன்னனானெல்லோ? அதுதான் வெட்டினனான்.”

“அப்ப அவர் உயிரோடை இருக்கிறது பிரச்சினை இல்லையோ?”

“இருக்கட்டும். நல்லது. ஆனால் பக்க எண் ஒண்டும் இல்லையே. எந்தப் பக்கம் எண்டு தெரியாமல் நான் எப்பிடிப் புள்ளி போடுறது? உசாத்துணைக்கு, எழுதினவற்ற பேர், ஆண்டு, புத்தகத்தின்ர பேர், வெளியிட்டவர். இவ்வளவும் போட்டால் காணும். இதுக்காக உங்களை ஒரு வருஷம் மறிக்கேலாது, திருத்தி அடுத்த கிழமை கொண்டுவாங்கோ.”

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொரு மேற்கோளையும் தேடிப் பக்க எண் போட்டேன், உசாத்துணையில் மிஸ் சொன்ன நான்கையும் எழுதினேன். அடுத்த சனிக்கிழமை கொடுத்தேன். மிஸ் சித்தி என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.